மே மாதப் பக்கத்தில் ஒரு சிவப்புக் குல்லாய்

நெரிடா கேட்ஸ்பிக்கு எல்லா மாதமும் கிடைத்தது, மே மாதம் மட்டும் கிடைக்கவில்லை. இதைக் கேட்டு யாராவது சிரித்தால் அவர் எங்கள் ஊர்க்காரர் இல்லை என்று அர்த்தம்.

டாஸ்மேனியாவில் டெர்வென்ட் ஆற்றை ஒட்டிய எங்கள் ஊரில் தீயணைப்புத் தொண்டர்கள் வருஷா வருஷம் ஒரு காலண்டர் போடுகிறார்கள். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு படம், எல்லாம் ஊர்க்காரர்களே எடுத்து, மாதவாரியாகப் போட்டியில் ஜெயித்தது. அது தொங்காத சமையலறை எங்கள் பக்கத்தில் கிடையாது. பேக்கரி நடத்தும் நெரிடா ஒன்பது வருஷமாகப் படம் கொடுக்கிறாள். மழையில் நனைந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்ற செம்மறி ஆடு அவளுக்கு ஒரு ஆகஸ்ட் வாங்கிக் கொடுத்தது. தண்ணீர்த் தொட்டிமேல் வெயில் காய்ந்த பாம்பு ஒரு பிப்ரவரி. அக்டோபர் இரண்டு தடவை. இதெல்லாம் பெரிய விஷயமா? போங்கள். மே மாதத்துக்கு முன்னால் மற்ற பதினொன்றும் தூசு.

ஏனென்றால் மே என்றால் ஃபேகஸ் மரம். கட்டைவிரல் நகம் அளவுதான் அதன் இலை, அதுவும் அப்பளம் மாதிரி சுருங்கிக் கிடக்கும். எங்கள் காட்டு மரமெல்லாம் வருஷம் முழுக்க ஒரே பச்சையாக நின்று கழுத்தறுக்கும்போது, இந்த ஒரு குட்டை மரம்தான் எங்கள் பக்கத்து இலையுதிர்காலமான ஏப்ரல் கடைசியில் மஞ்சளாகி, பொன்னாகி, செம்பாகி, பத்தே நாளில் மொத்தத்தையும் உதிர்த்துவிட்டு நிற்கும். அந்தப் பத்து நாளும் மலைமேல் தேசியப் பூங்காவில் ஃபென்டன் ஏரிக்கரை தீப்பிடித்த மாதிரி இருக்கும். வீட்டில் கேமரா வைத்திருக்கிற ஒருத்தருக்கும் அப்போது தூக்கம் பிடிக்காது.

மே மாதத்தைப் பதினொரு வருஷமாகப் பட்டா போட்டு வைத்திருந்தவர் கிளாரி தர்லோ. ரோடு போடும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்து நாலு வயது, மனைவி போய்ச் சேர்ந்து பதினான்கு வருஷமாகத் தனிக்கட்டை. ஏரிக்கரையில் ஒரு பெரிய பாறை, அதன்மேல் அவருடைய மடக்கு நாற்காலி. விடிவதற்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருப்பார். அதற்குக் கிளாரி பாறை என்றே பெயர் வந்துவிட்டது. காலண்டர் போட்டிக்கு விதிமுறை எழுதியதும் அவர்தான். முதல் விதி, படத்தில் ஆள் இருக்கக் கூடாது. எப்போதோ ஒரு சுற்றுலாக்காரன் ஆரஞ்சு ஜாக்கெட்டோடு அவர் படத்துக்குள் நுழைந்துவிட்டானாம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நெரிடாவின் மே முயற்சிகளைச் சொன்னால் அழுவதா சிரிப்பதா என்று தெரியாது. ஒரு வருஷம் மூடுபனி, எதிரே ஏரி இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஒரு வருஷம் ஒரு வாரம் முந்திப் போய்விட்டாள், இலையெல்லாம் கீரை மாதிரி பச்சை. ஒரு வருஷம் முதல் நாள் ராத்திரி அடித்த காற்றில் ஒரு இலைகூட மிஞ்சவில்லை. போன வருஷம்தான் எல்லாம் கூடி வந்தது. நிறம், வெளிச்சம், அசையாத தண்ணீர். ட்ரைபாடை நிறுத்திக் கேமராவைப் பூட்டி, விரலைப் பொத்தானில் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள். புருஷன் பெவனைக் காணோம்.

பெவன் எங்கே போனாலும் தொலைந்துபோகிற ஜாதி. ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று போனவன் ஒன்றரை மணி நேரமாக வரவில்லை. பனி பெய்யத் தொடங்கிவிட்டது. பழுப்பு நிறக் கோட்டும் பழுப்பு நிறத் தொப்பியும் போட்ட ஆளை அந்தப் பழுப்பு நிறச் சரிவில் எங்கே தேடுவது? நெரிடா கேமராவை அப்படியே விட்டுவிட்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினாள். எதிர்க்கரைச் சரிவைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிற்று. பாறை, புதர், பாறை. அசைகிறது ஒன்றுமில்லை.

கடைசியில் ஐயா ஒரு பைன் மரத்தடியில் சாவகாசமாக உட்கார்ந்து, அவள் கட்டிக்கொடுத்த சிப்பிக்கறி பேஸ்ட்ரியைத் தின்றுகொண்டிருந்தார்.

"கூப்பிட்டியா? காத்து சத்தம்னு நெனச்சேன்."

அவள் அவனை அடித்ததையும் கட்டிக்கொண்டதையும் ஊரில் எல்லோரும் பேசினார்கள். மே கிளாரிக்குப் போயிற்று. மலையிலிருந்து இறங்கிய மறுநாளே நெரிடா ஹோபார்ட் நகரத்துக்குப் போய், தீயணைப்பு வண்டி கலரில் ஒரு கம்பளிக் குல்லாய் வாங்கி வந்தாள்.

"மலைக்கு வந்தா இது தலையில இருக்கணும். தூங்கும்போதும் இருக்கணும். எங்க நின்னாலும் என் கண்ணுல படணும், புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மகாராணி" என்றான் பெவன்.

இந்த வருஷம் ஏப்ரல் இருபத்தைந்து, போர்வீரர்களை நினைக்கிற ஆன்சாக் தினம் முடிந்த சனிக்கிழமை விடியற்காலையில் இருவரும் மலையேறினார்கள். ஏரியைப் பார்த்ததும் நெரிடாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கரை முழுக்கப் பொன். தண்ணீர் கண்ணாடி. இலைகளின் ஓரத்தில் உறைபனி உப்பைத் தூவினது போல இருந்தது. சூரியன் மட்டும் இன்னும் மலைக்குப் பின்னால் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தான்.

பாறைமேல் கிளாரி. கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"வாம்மா நெரிடா. படம் எடுக்க வந்தியா, இல்ல புருஷனத் தேட வந்தியா?"

"ரெண்டும்தான் கிளாரி. நீங்க பதினோரு வருஷமா எடுத்த அதே படத்தத்தானே இந்த வருஷமும் எடுக்கப் போறீங்க? ஜெராக்ஸ் போட்டுக் குடுத்திடலாமே."

"வாய் பேசுறவங்களுக்கு மே கெடைக்காதும்மா. அது இருக்கட்டும், சிப்பி பேஸ்ட்ரி கொண்டு வந்திருக்கியா?"

எதிரியாக இருந்தாலும் பசி பசிதானே. பெவன் ஒன்றை எடுத்துக்கொண்டு பாறையை நோக்கிப் போனான். போனவன் நேராகக் கிளாரியின் லென்ஸுக்கு முன்னால் போய் நின்றான்.

"யோவ்! என் ஃப்ரேமுக்குள்ள யாருய்யா செவப்பா?" கிளாரி போட்ட சத்தத்தில் இரண்டு வாத்து பறந்தது. "நெரிடா, உன் ஆளக் கூப்பிடு மொதல்ல!"

"பெவன், வா இங்க!" என்றாள் அவள். இவன் வந்து அவள் கேமராவுக்கு முன்னால் நின்றான்.

"அய்யோ, இப்ப என் ஃப்ரேம்ல நிக்கிற! அந்தாண்ட போ!"

போனான். மறுபடி கிளாரி கத்தினார். இந்தப் பக்கம் நெரிடா கத்தினாள். பந்து பொறுக்குகிறவன் மாதிரி நடுவில் ஓடிக் களைத்துப்போன பெவன் இடுப்பில் கைவைத்து நின்றான்.

"நான் எங்கதான் நிக்கணும்? எழுதிக் குடுங்க, அங்க நிக்கிறேன்."

"எங்க ரெண்டு பேர் கண்ணுக்கும் படாத எடத்துக்குப் போ, சாமி! ஆனா குல்லாயக் கழட்டாத!" என்றாள் நெரிடா. தான் என்ன சொன்னோம் என்று அவள் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். எங்கே? சூரியன் வந்துகொண்டிருந்தானே.

பெவன் சொன்னால் சொன்னபடி கேட்கிறவன். கிளாரி பாறைக்குப் பின்னால் போனான், போதாது என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனான். திரும்பிப் பார்த்தால் நெரிடாவின் தலை தெரிகிறது. அவள் தலை எனக்குத் தெரிந்தால் என் தலை அவளுக்குத் தெரியுமே என்று இன்னும் தள்ளிப் போனான். அந்த மனுஷன் அன்றைக்குப் போட்ட கணக்கு முழுக்க இவ்வளவுதான்.

நெரிடாவுக்கு அவன் ஞாபகமே இல்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்தாள். திடீரென்று வெளிச்சம் மலையைத் தாண்டி இறங்கி, எதிர்க்கரையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பற்றவைத்துக்கொண்டே வந்தது. ஒரு மூச்சுக் காற்று இல்லை. மேலே எத்தனை பொன்னோ கீழேயும் அத்தனை பொன். "அடி ஆத்தீ!" என்று அவளுக்கு வாய்விட்டே வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருந்தது, அதை இறக்கிப் போடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. ஏழு தடவை அழுத்தினாள். ஏழாவது முடிந்ததும் மேற்கே இருந்து காற்று கிளம்பித் தண்ணீரைக் கலைத்துப் போட்டது.

"கெடச்சுதா?" என்றார் பாறைமேலிருந்து கிளாரி. அவர் பக்கத்துக் கிளை ஒன்றில் பனி உருகுவதை எடுத்து முடித்திருந்தார்.

"கெடச்சுது கிளாரி! நாற்காலிய மடக்குங்க, உங்க ராஜ்யம் முடிஞ்சுது!" நெரிடா ட்ரைபாடைச் சுற்றி ஒரு ஆட்டம் போட்டாள். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை, ரப்பர் பூட்ஸோடு. அரை மணி கழித்துப் பெவன் முழங்கால் வரை சேறாக வந்து சேர்ந்தான். "நல்லா ஒளிஞ்சேன் பாத்தியா?" என்றான் பெருமையாக. அவள் அவனுக்கு ஒரு முத்தமே கொடுத்தாள்.

அந்தச் சந்தோஷம் மத்தியானம் வரைக்கும்தான் இருந்தது.

பேக்கரியின் பின்னறையில் கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கினாள். பொன், கண்ணாடித் தண்ணீர், வானம், எல்லாம் அவள் பார்த்தபடியே. எதிர்க்கரையில் பாறைகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி. பூவாக இருக்குமோ? ஏப்ரல் கடைசியில் என்ன பூ? மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு இன்னும் பெரிதாக்கினாள். குல்லாய். குல்லாய்க்குக் கீழே பெவன். பெவன் கையில் பேஸ்ட்ரி.

படத்துக்கு வெளியே போக நடந்தவன், ஏரியைச் சுற்றிப் போய், அடுத்த பக்கமாகப் படத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டான்! அதுவும் ஒரு பெவன் இல்லை. தண்ணீருக்குள் தலைகீழாக இன்னொரு பெவன், இன்னொரு குல்லாய். ஏழு படத்திலும்.

"பெவன்!!"

கடையில் ரொட்டி வாங்க நின்றவர்கள் பாதிப் பேர் திரும்பிப் போய்விட்டதாகச் சொல்வார்கள். பெவன் மாவுக் கையோடு ஓடி வந்தான். திரையைப் பார்த்தான். நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான்.

"நீ கண்ணுக்குப் படாத எடம்னு சொன்னியே" என்றான்.

"அது எனக்கு நேர் எதிர்ல இருக்கிற எடமாய்யா?"

"நான் எங்க உன்னப் பாத்தேன்? உன் பக்கம் ஒரே பாறை, ஒண்ணும் தெரியல. சரி, தப்பிச்சோம்னு உக்காந்துட்டேன்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒன்பது வருஷம். இன்னும் பத்து வருஷம் காத்திருந்தாலும் அப்படி ஒரு காலை வருமா? பெவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அப்புறம் மெல்லச் சொன்னான்.

"என்னத் தூக்கிடேன். கம்ப்யூட்டர்ல ரெண்டு தட்டுத் தட்டுனாப் போயிடுமாமே. யாருக்குத் தெரியும்?"

"விதி இருக்கு. படத்துல கை வைக்கக் கூடாது."

"பாவம் பாறை, அது சொல்லவா போகுது? தூக்கு தாயே. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

சும்மா பார்ப்போமே என்றுதான் தட்டினாள். ஒரு தட்டு, மேலே இருந்த பெவன் போனான். அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் பாறை வந்து மூடிக்கொண்டது. இன்னொரு தட்டு, தண்ணீரில் இருந்தவனும் போனான். இப்போது படத்தில் ஒரு குறையும் இல்லை. கிளாரியின் பதினொன்றையும் வரிசையாக வைத்தாலும் இதற்கு உறைபோடக் காணாது.

நெரிடா அதைப் பார்த்தாள். எதிர்க்கரைச் சரிவு. பாறை, புதர், பாறை. அசைகிறது ஒன்றுமில்லை. இந்தச் சரிவைத்தானே போன வருஷம் ஒன்றரை மணி நேரம் பார்த்தாள்? இதே கரை, இதே வெறுமை. பக்கத்து நாற்காலியில் அவன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து அவள் காதருகே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் கண் திரையில் அவனைத் தேடியது. எங்க நின்னாலும் என் கண்ணுல படணும் என்று குல்லாய் வாங்கிக் கொடுத்தவள் யார்? பட்டான். கடல்போல ஏரி, அதற்கு அந்தப் பக்கம் போயும் பட்டான். அவனைப் போய் நான் அழிக்கிறேனே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அழித்ததை ரத்து செய்யும் பொத்தானைத் தட்டினாள். குல்லாய் வந்தது. இன்னொரு தட்டு, இன்னொரு குல்லாயும் வந்தது.

"ஏன், என்னாச்சு?" என்றான் பெவன்.

"ஒண்ணும் ஆகல. போய் அடுப்பப் பாரு, கருகுது" என்று மூக்கை உறிஞ்சினாள். ஏழில் நல்லதாக ஒன்றை எடுத்து அப்படியே போட்டிக்குக் கொடுத்தாள். மே போனால் போகட்டும். படம் போட்டி மேசையிலாவது இருக்கட்டுமே, நாலு பேர் பார்க்கட்டுமே.

ஜூன் மாதத்தில் ஒரு சாயங்காலம் தீயணைப்பு நிலையத்தில் தேர்வு. வெளியே தொத்திறைச்சி வாட்டும் புகை, உள்ளே வண்டியை நகர்த்திவிட்டு மேசை போட்டிருந்தார்கள். எடுத்தவர் பெயர் கிடையாது, படத்துக்கு எண் மட்டும். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒரு தகரக் குவளை, ஆளுக்கு ஒரு பாட்டில் மூடி. பிடித்த படத்தின் குவளையில் மூடியைப் போட வேண்டும். மே மாதத்தின் முறை வந்ததும் தீயணைப்புப் படையின் கேப்டன் ரொவீனா நான்கு படங்களை மேசையில் வரிசையாக வைத்தாள். கடைசிப் படத்தைப் பார்த்ததும் மொத்த நிலையமும் மேசையைச் சுற்றி நெருக்கியது. அப்பேர்ப்பட்ட படம். ரொவீனா குனிந்தாள், கிட்டப் போனாள், உதட்டைக் கடித்தாள்.

"மன்னிக்கணும். இதுல ஆள் இருக்கு. விதிப்படி இத எடுத்திடணும்" என்றாள்.

யாருடைய படம் என்று தெரியாமல் இருக்க அந்தக் குல்லாய் விடவில்லை. அத்தனை தலையும் நெரிடா பக்கம் திரும்பியது. அவள் தெரிந்துதானே கொடுத்தாள். பெவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அப்போது பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"விதி எழுதினவன் இங்கதான் இருக்கேன்" என்று எழுந்தார் கிளாரி. "எங்க ஆள்? நானும் பாக்கறேன்."

மேசைக்கு வந்து, சட்டைப் பையில் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். படத்தின்மேல் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். எங்களுக்கெல்லாம் அது ஒரு யுகமாகத் தெரிந்தது.

"ரொவீனா, உனக்குக் கண்ணு சரியில்ல" என்றார். "இது ஆள் இல்ல."

"பின்ன என்ன கிளாரி?"

"இது பெவன்."

அப்புறம் தகரக் கூரை பறந்துவிடும்போலச் சிரிப்பு. தொத்திறைச்சி வாட்டுகிறவன் இடுக்கியோடு ஓடி வந்து என்ன என்ன என்று கேட்டான். ரொவீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தண்ணிக்குள்ள ஒண்ணு இருக்கே, அது?"

"அதுவும் பெவன்தான். ஆள்னா நான் சொன்னது சுத்திப் பாக்க வர்ற வெளியூர்க்காரன. இவன் இந்த மலையில மொளச்சவன், வாத்து, பாறை மாதிரி. வாத்து இருக்கக் கூடாதுன்னு நான் எங்கயும் எழுதல." தன் பாட்டில் மூடியை நெரிடாவின் குவளையில் போட்டார். டங் என்றது.

போட்டுவிட்டு அவளிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அழிச்சிருக்கலாமே பொண்ணே. எனக்கே தெரிஞ்சிருக்காது."

"அழிச்சுப் பாத்தேன் கிளாரி. பாக்க முடியல."

கிழவர் தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். "என் பதினோரு படத்துலயும் ஒருத்தரும் கெடையாது" என்றார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு பேஸ்ட்ரி இருந்தா எடு, பசிக்குது" என்றார். நெரிடா அவர் கையில் இரண்டு வைத்தாள்.

அன்றைக்கு அந்தத் தகரக் குவளை நிரம்பி மூடிகள் மேசையில் சிந்தின.

மறுவருஷம் மே முதல் தேதி. ஊர் முழுக்க அத்தனை சமையலறையிலும் ஏப்ரலைக் கிழித்துப் பார்த்தால் பொன் நிறக் கரையில் பெவன் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான். தண்ணீருக்குள் இருந்தவனைச் சேர்க்காமலே பேக்கரியில் மட்டும் இரண்டு பெவன். ஒருவன் காலண்டரில். இன்னொருவன் காலையிலிருந்து அதே சிவப்புக் குல்லாயை மாட்டிக்கொண்டு, காலண்டருக்கு முன்னால் நின்று, வருகிறவர்களிடமெல்லாம், "எங்க இருக்கேன், கண்டுபுடிங்க பாப்போம்" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"யோவ், நகரு!" என்றாள் நெரிடா கல்லாவிலிருந்து. "படத்த மறைக்கிற!"

அவன் நகரவில்லை. அவளும் மறுபடி சொல்லவில்லை.